பெரியம்மா கம்பி ஒட்டவில்லை

கடந்த தொழிலாளர் தினத்தன்று காலை ஏழே முக்காலுக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். அதுவும் நேரலையில்.

அன்றைய நிகழ்ச்சியில் வீட்டுக்கு வீடு இருக்கும் உழைப்பாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா பால்மரம் சீவியது, அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நின்றது என்று நேயர்கள் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார்கள். ஓர் அழைப்பு பாதியில் அறுந்துவிட்டது. அடுத்த பாடல் வர 40 விநாடி இருந்தது. வானொலியில் 40 விநாடி காலி என்றால் எங்கள் வயிற்றில் புளி கரையும். கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டேன். "எங்க பெரியம்மாகூட பினாங்குல எலக்ட்ரானிக் ஃபேக்டரியில 22 வருஷம் கம்பி ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. பாவம், கண்ணு கெட்டதுதான் மிச்சம்." பாட்டு ஓடியது. நானும் மறந்துவிட்டேன்.

பெரியம்மா மறக்கவில்லை. பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு தினமும் என் நிகழ்ச்சியைக் கேட்பவர் அவர். பத்து மணிக்கு நான் ஒலிக்கூடத்தை விட்டு வெளியே வரும்போது வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்து காத்திருக்கும். "இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு, சுக்குத்தண்ணி குடி" என்ற மாதிரி. அன்று வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அம்மாதான் சொன்னார். "அக்கா ஒண்ணும் பெருசா பேசல. 'கம்பி ஒட்டுற வேலைன்னு சொல்லிட்டாளே'ன்னு மட்டும் சொன்னாங்க."

எனக்குப் புரியவில்லை. கம்பி ஒட்டும் வேலைதானே? சின்ன வயதில் நாங்கள் கேட்டபோதெல்லாம் பெரியம்மாவே அப்படித்தானே சொன்னார்?

அந்த வாரமே வானொலி நிலையத்துக்கு ஒருவர் அழைத்து, என்னோடு பேச வேண்டும் என்று எண்ணைக் கொடுத்திருந்தார். பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் 30 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அங்கிள் என்றே எழுதுகிறேன். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஏம்மா, நீங்க ரேடியோவுல வேலை செய்றீங்க. ரேடியோ எப்படிக் கேக்குதுன்னு தெரியுமா?"

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். ஒலிவாங்கி முன் எப்படி மூச்சு விடுவது என்று பாடமே நடத்துவேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை வாங்க, காட்டுறேன்" என்றார்.

போனேன். மேசைமேல் ஒரு மரப்பலகை. அதில் செம்புக் கம்பி சுற்றிய சுருள், ஒரு பழைய ஹெட்ஃபோன், வெள்ளி போல மின்னும் சுண்டைக்காய் அளவுக் கல், அதன்மேல் குத்தி நிற்கும் மெல்லிய கம்பி. அவ்வளவுதான். பேட்டரி இல்லை, பிளக் இல்லை. இதுதான் படிக வானொலி. நம் தாத்தா காலத்துக்கும் முந்தியது. அந்தக் கல்லின் பெயர் கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மேலே குத்தும் கம்பிக்கு ஆங்கிலத்தில் பெயர் பூனை மீசை.

இந்தப் பெட்டி பண்பலையைக் கேட்காது. அதற்கு மத்திய அலை வேண்டும். அதனால் அங்கிளே மேசையின் மறுமுனையில் ஒரு சின்ன ஒலிபரப்பியை வைத்து, தன் கைப்பேசியிலிருந்து பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். "மீசையை நகர்த்தி நகர்த்திக் கல்லுல இடம் தேடுங்க" என்றார். தேடினேன். ஒன்றுமில்லை. இன்னொரு இடம். ஒன்றுமில்லை. 15 நிமிடம் ஆகியிருக்கும். எரிச்சலில் கையை எடுக்கப்போன நேரத்தில் காதுக்குள் ஓர் எறும்பு பாடுவதுபோல நாதஸ்வரம் கேட்டது. மூச்சு விட்டேன், கை அசைந்தது, போய்விட்டது.

"கம்பி கல்லைத் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா எல்லா இடமும் வேலை செய்யாது" என்றார் அங்கிள்.

நடப்பது இதுதான். மத்திய அலையில் வரும் ஒலிபரப்பு, விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை மேலும் கீழும் ஆடும் அலை. என் குரல் அந்த ஆட்டத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து அதன்மேல் சவாரி செய்யும். அலை மேலே எவ்வளவு போகிறதோ அவ்வளவே கீழேயும் போவதால், ஹெட்ஃபோனுக்குள் நேராக விட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஒன்றும் கேட்காது. பாதியை வெட்ட வேண்டும். மின்சாரத்தை ஒரு பக்கம் போகவிட்டு, மறுபக்கம் வரவிடாத வாசல் ஒன்று வேண்டும். உலோகக் கம்பி அந்தக் கல்லைச் சரியான இடத்தில் தொடும்போது, தொடும் புள்ளியே அந்த வாசல் ஆகிறது. கம்பிக்கு அந்தக் குணம் இல்லை. கல்லுக்கும் தனியாக இல்லை. இரண்டும் சேரும் இடத்துக்குத்தான் உண்டு.

ஏன் அப்படி? இங்கேதான் அங்கிள் பத்துமலையை இழுத்தார். நம் ஊர்க்காரர் அல்லவா!

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் தைப்பூசக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். சிலிக்கான், ஜெர்மானியம், கலீனா போன்ற குறைக்கடத்திகளில் சுற்றித் திரியும் எலக்ட்ரான்கள் குறைவு. வார நாள் கோயில் மாதிரி. இரண்டையும் தொடவிட்டால், எல்லையோரமாக இருக்கும் குறைக்கடத்தியின் எலக்ட்ரான்கள் சில உலோகப் பக்கம் போய்விடும். அங்கே அவற்றுக்கு ஆற்றல் குறைந்த, வசதியான இடம் இருக்கிறது. அவை போன பிறகு எல்லையோரம் காலியாகி, நேர்மின் ஏற்றம் கொண்ட அணுக்கள் மட்டும் நகர முடியாமல் நிற்கும். அந்த ஏற்றம் மற்ற எலக்ட்ரான்களைப் பின்னுக்கு இழுக்கும். எல்லையில் ஒரு மேடு எழும்பிவிடும்.

"இந்த மேட்டுல ஏற ரெண்டு பக்கமும் படி இருக்குன்னு வச்சுக்குங்க" என்றார் அங்கிள். "உலோகப் பக்கம் எப்பவும் 272 படி. நீங்க பேட்டரிய எப்படி மாத்தினாலும் அது பெருசா மாறாது. குறைக்கடத்திப் பக்கம் இருக்கிற படிதான் கூடும் குறையும்." மின்னழுத்தம் ஒரு பக்கமாக வந்தால் அந்தப் பக்கப் படிகள் குறைந்து எலக்ட்ரான்கள் மடமடவென்று ஏறி உலோகத்துக்குள் இறங்கும். மறுபக்கமாக வந்தால் படிகள் கூடிப்போகும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் 272 படியைத் தாண்டிச் சிலதான் வரும். ஆக, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சொட்டு.

என் பள்ளி இயற்பியல் ஆசிரியர் இப்படிச் சொல்லியிருந்தால் நான் அறிவியல் பிரிவிலேயே இருந்திருப்பேன். (இல்லை, பொய். கணக்கு வராது.)

இந்தப் புள்ளியின் கதையில் எனக்குப் பிடித்தது, விடை முதலில் வந்து கேள்வி பின்னால் வந்ததுதான். 1874-இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரவுன், கலீனா போன்ற படிகங்களில் மின்சாரம் ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் தயங்கியும் போவதைக் கண்டார். அவருக்கு அப்போது 24 வயது. வானொலி அலைகளை ஹெர்ட்ஸ் செய்துகாட்டவே இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது. எதற்கு இது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் அலைகளைப் பிடிக்கக் கலீனாவைப் பயன்படுத்தினார். 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. செடிக்கு உணர்வு உண்டு என்று சொன்னவராக மட்டுமே அவரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். 1906-இல் அமெரிக்கர் பிக்கார்ட் சிலிக்கானில் அதே வேலையைச் செய்து காப்புரிமை வாங்கினார். பிறகு வீடு வீடாகப் படிக வானொலி. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் கல்லும் கிடைக்காமல், சவர பிளேடின்மேல் பென்சில் கரியை வைத்தே செய்தி கேட்டார்கள்.

இவ்வளவும் நடந்தபோது, ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. கை தேடும், காது சொல்லும், அவ்வளவுதான். 1938-இல்தான் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி அந்த மேட்டைக் கணக்குப் போட்டு விளக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் நெவில் மாட்டும் தனியாக அதே வழியில் வந்தார். பிரவுன் பார்த்ததற்கும் ஷாட்கி விளக்கியதற்கும் நடுவில் 64 ஆண்டுகள். ஷாட்கி டையோடு என்று இன்றும் அவர் பெயரில் கடையில் விற்கிறார்கள். சாதாரண சிலிக்கான் டையோடு 0.7 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தின்னும். இது 0.3 வோல்ட் அளவோடு விட்டுவிடும், வேகமும் அதிகம். உங்கள் கூரையில் சூரியத் தகடு இருந்தால் அதன் முதுகுப் பெட்டியில் இது இருக்க வாய்ப்பு உண்டு.

1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த முதல் டிரான்சிஸ்டரும் இந்தக் குடும்பம்தான். ஜெர்மானியத் துண்டின்மேல் தங்கத் தகட்டின் இரண்டு ஓரங்களை அழுத்தி வைத்தார்கள். மறுபடியும் உலோகம், மறுபடியும் குறைக்கடத்தி, மறுபடியும் தொடுகிற இடம்.

"தங்கமா?" என்று கேட்டேன். பெரியம்மா ஒட்டிய கம்பி தங்கம் என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது.

"ஆமா. இப்ப உங்க பெரியம்மாவுக்கு வருவோம்" என்றார் அங்கிள். இதற்காகத்தான் அவர் அழைத்தே இருக்கிறார்.

பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972-இல் திறந்தபோது, தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை எடுத்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பேருந்துகள் வந்து ஏற்றிப்போயின. ஊர் அவர்களுக்கு மரியாதை வைக்கவில்லை. மலாய்ப் பெண்களை 'மினா காரான்' என்றே கேலி செய்தார்கள். காரான் என்றால் கரண்ட். நம் பெண்களுக்கு அப்படித் தனிப்பெயர் ஏதும் இருந்ததாகப் பெரியம்மா சொன்னதில்லை. ஆனால் நைட் ஷிப்ட் போகிற பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை திரும்பிப் போனது எங்கள் குடும்பத்துக் கதை.

ஒரு சில்லுக்குள் லட்சணமாக வரைந்த சுற்று இருக்கும். அதை வெளியுலகத்தோடு சேர்க்காவிட்டால் அது வெறும் மணல்துண்டு. சில்லின் ஓரத்தில் அலுமினியத் திட்டுகள் இருக்கும். அந்த அலுமினியம் உள்ளே போய்ச் சிலிக்கானைத் தொடுகிறது. இங்கே ஒரு சிக்கல். பூனை மீசையில் ஒருவழி வாசல் வேண்டியிருந்தது. இங்கே அந்த மேடே இருக்கக் கூடாது. இரு பக்கமும் தடையில்லாமல் போக வேண்டும். ஆனால் அதே உலோகம், அதே சிலிக்கான். மேட்டை எப்படித் தவிர்ப்பது?

தவிர்க்க முடியாது என்றார் அங்கிள். அதற்குப் பதில், உலோகம் தொடும் இடத்துக்கு அடியில் மட்டும் சிலிக்கானுக்குள் பாஸ்பரஸ் போன்ற மாசை ஏராளமாகக் கலந்துவிடுவார்கள். அப்போது மேடு சில நானோமீட்டர் அகலத்துக்கு மெலிந்துவிடும். உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் பத்துமலை ஒரு காகிதமாகிவிடும். எலக்ட்ரான்கள் படி ஏறாமல் ஊடுருவியே போய்விடும். குவாண்டம் இயற்பியலில் இதற்கு அனுமதி உண்டு, நமக்குத்தான் கிடையாது. கலப்புக் குறைவான இடத்தில் அதே அலுமினியம் ஒருவழி வாசல். கலப்பு மிகுந்த இடத்தில் திறந்த கதவு.

"உங்க பெரியம்மா கையில வந்த சில்லு என்ன எண்ணுன்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை. 22 ஆண்டு வேலை. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கிள் அந்தப் பலகையை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்துக் கட்டி, சின்ன ஒலிபரப்பியோடு என் கையில் கொடுத்தார். அடுத்த வார இறுதியில் பட்டர்வொர்த் போனேன்.

பெரியம்மா வழக்கம்போல மீ கோரேங் செய்து வைத்திருந்தார். வழக்கமில்லாதது, அதிகம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. வாயால் பிழைக்கிறவளுக்கு அப்படி ஆவது அபூர்வம். டின்னைத் திறந்து பலகையை மேசைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

பெரியம்மாவுக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் அந்தக் கம்பியின் நுனி தெரியாது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இடது கையால் பலகையைப் பிடித்து, வலது முழங்கையை மேசையில் ஊன்றினார். விரல் மட்டும் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது இடத்தில் நிறுத்தி, கையை மெல்ல எடுத்தார். கம்பி அங்கேயே நின்றது. "பாட்டு வருது" என்றார், ஏதோ தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரி.

நான் வாங்கிக் கேட்டேன். வந்துகொண்டிருந்தது. மேசையில் தட்டினாலும் போகவில்லை.

"முழங்கையை ஊனாம கை நிக்காது பாப்பா. மொதல் வாரம் அதைத்தான் கத்துக்குடுத்தாங்க. அழுத்தினா சில்லு வெடிச்சிரும். விட்டா ஒட்டாது." பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். மைக்ரோஸ்கோப்புக்குள் எட்டு மணி நேரம். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி. அதன் நுனி உருகி உருண்டையாகும். அந்த உருண்டையைத் திட்டின் நடுவில் இறக்க வேண்டும், ஓரத்தில் பட்டால் ரிஜெக்ட். சூடு அதிகமானால் தங்கமும் அலுமினியமும் கலந்து ஊதா நிறம் வரும். வந்தால் அந்தப் பிணைப்பு நாளைக்கோ அடுத்த வருடமோ விட்டுப்போகும். "நாங்க அதுக்கு கத்தரிக்கான்னு பேர் வச்சிருந்தோம். 'அடியே, உன் லைன்ல கத்தரிக்கா காய்ச்சிருக்கு'ம்போம்."

சில்லு எண் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "74 எல்.எஸ். ஜீரோ ஜீரோ. அதான் ரொம்ப நாள் ஓடுச்சு."

அங்கேயே அங்கிளுக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். எண்ணைக் கேட்டதும் அவர் சிரித்தார். "எல்.எஸ். தெரியுமாம்மா என்னன்னு? எஸ்-னா ஷாட்கி. லோ பவர் ஷாட்கி. அந்தச் சில்லுக்குள்ள ரெண்டு வகைத் தொடுகையும் இருக்கு. ஒரு இடத்துல உலோகம் ஒருவழி வாசல், இன்னொரு இடத்துல திறந்த கதவு. அந்த வாசல் இருந்ததாலதான் டிரான்சிஸ்டர் தேங்கி நிக்காம சட்டுனு அணையும், சட்டுனு எரியும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் முழுக்க இந்த வரிசைச் சில்லுதான். அக்கா, நீங்க எந்த ஷிப்ட்?"

பிறகு இருபது நிமிடம் அவர்கள் இருவரும் பேசினார்கள். எந்த சூப்பர்வைசர் நல்லவர், எந்தப் பேருந்து தாமதம், எந்தக் கேன்டீனில் கறி. நான் மீ கோரேங் சாப்பிட்டேன். கண் கெட்டதைப் பற்றியும் பேச்சு வந்தது. பெரியம்மா அதை மறைக்கவில்லை. முப்பது வயதுக்குள் பார்வை மங்கி, வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு, கிடைக்க இரண்டு வருடம் ஆனது. கண் பரிசோதனைக்குச் சொந்தக் காசு. "அதையும் சொல்லு. ஆனா அத மட்டும் சொல்லாத" என்றார் என்னைப் பார்த்து.

தொலைபேசியை வைத்த பிறகுதான் நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை நிகழ்ச்சியிலேயே திருத்திச் சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன்: "ஒரு சில்லுக்கு 14 கால், 14 தங்கக் கம்பி. எங்க பெரியம்மா ஒரு சில்லுக்கு 14 தடவை..."

"28" என்றார் பெரியம்மா, தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டே. "கம்பிக்கு ரெண்டு முனை இல்லையா? சில்லுல ஒண்ணு, கால்ல ஒண்ணு. இந்தத் தடவையாச்சும் சரியாச் சொல்லு."